வாசலைக் கழுவிவிட்டோம், தற்காப்பு போய்விட்டதா?

வாசகர் கடிதம்:

வக்கீலய்யாவுக்கு வணக்கமுங்க. நாங்க காங்கேயம் பக்கம். என்ர தங்கச்சியும் மாப்பிள்ளையும் ஊரை உட்டுத் தள்ளி, தோட்டத்துச் சாளையில குடியிருக்கறாங்க. இருபது நாளுக்கு முந்தி ராத்திரி ரெண்டு மணிக்கு, நாய் உடாம கொலைக்குதேன்னு மாப்பிள்ளை வெளிய வந்திருக்கறாரு. கட்டுத்தரைப் பக்கம் நின்ன ஒருத்தன் கொடுவாளை ஓங்கிட்டு வந்துட்டான். தடுத்ததுல மாப்பிள்ளைக்கு இடது முன்னங்கையில வெட்டு. கைக்குக் கெடச்ச கடப்பாரையில ரெண்டு போடு போட்டதுல அவன் வாசல்லயே உழுந்து செத்துட்டான்.

அதுக்கப்பறம் பயத்துல என்னென்னமோ பண்ணிப்போட்டாங்க. பொணத்தைக் களத்து மேட்டுக்கு இழுத்துப் போட்டாங்க. கொடுவாளைக் கெணத்துல எறிஞ்சுட்டாரு. தங்கச்சி மோட்டாரப் போட்டு வாசலைக் கழுவி, சாணி போட்டு வழிச்சு, அவரு சட்டையத் தொவச்சுப் போட்டுட்டா. பையன் கேமரா டிவிஆரைக் கழட்டிட்டு வந்து எங்க ஊட்டுல வெச்சுட்டான். ஆறரைக்கு விஏஓவுக்குச் சொல்லியிருக்கறாங்க. முதல்ல “எவனோ செத்துக் கெடக்கறான்”னு சொல்லி, இன்ஸ்பெக்டர் வந்த பொறகுதான் உண்மையச் சொன்னாங்க. இப்ப மாப்பிள்ளை மேல கொலைக்கேசு, ஜெயில்ல இருக்கறாரு. தங்கச்சியை ரெண்டாவது எதிரியாச் சேர்த்து 238னு போட்டிருக்கறாங்க, இன்னும் புடிக்கலை. கழுவுனதால தற்காப்புங்கறது போச்சுங்களா? டிவிஆரை என்ன பண்றது? நோம்பி வருது, வாசலுக்குச் சிமெண்டு போட்டு வெள்ளை அடிச்சரலாம்னு பங்காளிக சொல்றாங்க. செய்யலாங்களா?

பேர் வேண்டாம், காங்கேயம் வட்டம்.

பதில்:

முதலில், டிவிஆரைத் தொடாதீர்கள். மின் இணைப்புக் கொடுக்காதீர்கள், யாரிடமும் போட்டுக் காட்டாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டு மணிக்கு வாசலில் நடந்ததும், அதன்பின் ஆறரை வரை நடந்ததும் சட்டத்தின் கண்ணில் தனித்தனிச் செயல்கள். பின்னால் செய்த தவறு முன்னால் இருந்த உரிமையை அழிக்காது. கழுவியதால் தற்காப்புப் போகவில்லை. தற்காப்பை நிரூபிக்க உங்கள் பக்கம் இருந்த சாட்சிதான் போயிருக்கிறது, அதுவும் பாதிதான்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 1.7.2024 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் வருகிறது. கோர்ட்டு வளாகத்தில் இன்னும் பழக்கத்தில் பழைய எண்களைச் சொல்லி 96 முதல் 106 என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்த எதுவும் குற்றமே அல்ல என்கிறது 34. உயிர் போய்விடும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்சும்படி ஒருவன் தாக்க வந்தால், அவன் உயிர் போகும் அளவுக்கும் தடுக்கலாம் என்கிறது 38. கொடுவாளை ஓங்கிக்கொண்டு வந்தவன் விஷயம் நேராக இதில் அடங்கும்.

பலர் இதை “ராத்திரி வீடு புகுந்தவனை அடிக்கலாம்” என்று 41ஆம் பிரிவில் கொண்டுபோய் வைப்பார்கள். சொத்துக்கான உரிமை அது. சூரியன் மறைந்த பிறகு வீட்டை உடைத்துப் புகுந்தால் அது பொருந்தும். உங்கள் ஆள் நின்றது கட்டுத்தரைப் பக்கம், திறந்த வாசலில். அந்த வாதத்தை முன்னால் வைத்தால், அவன் வீட்டுக்குள் வரவே இல்லையே என்று அரசு வக்கீல் ஒரே கேள்வியில் அடித்துவிடுவார். உயிருக்கான உரிமையைத்தான் உங்கள் வக்கீல் முதலில் பிடிக்க வேண்டும்.

இதற்கு எல்லையும் உண்டு. ஆபத்தை உணர்ந்த நொடியில் தொடங்கும் உரிமை, அந்த அச்சம் நீங்கியதும் முடிந்துவிடும், 40ஆம் பிரிவு அது. தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது, போலீசை அழைக்க அவகாசம் இருந்தால் உரிமை இல்லை, இது 37. நடுராத்திரித் தோட்டத்தில் கொடுவாளுக்கு எதிரே நிற்பவனுக்கு அவகாசம் ஏது என்று கேட்கலாம், கோர்ட்டும் கேட்கும். அந்த நேரத்து மனநிலையைத் தங்கத் தராசில் வைத்து நிறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ஆனால் முதல் அடியில் கொடுவாள் கையை விட்டுப் போய் அவன் குப்புற விழுந்து, இரண்டாவது அடி பின்மண்டையில் விழுந்திருந்தால் கதை வேறு. அப்போது 101ஆம் பிரிவின் இரண்டாவது விதிவிலக்கு வரும். நல்லெண்ணத்தோடு, முன்திட்டம் இல்லாமல் தற்காப்பு எல்லையை மீறியது கொலை ஆகாது, 105இன்படி கொலையாகாத மரணம்தான். ஆகவே பிரேதப் பரிசோதனைச் சான்றிதழின் நகல் கைக்கு வந்ததும் உங்கள் வக்கீல் முதலில் பார்க்க வேண்டியது மண்டைக் காயங்களின் எண்ணிக்கையும் இடமும். முன்பக்கமா, பக்கவாட்டா, பின்பக்கமா என்பதில்தான் இந்தக் கேஸ் பாதி நிற்கிறது.

மீதிப் பாதி அந்த வாசலில் இருந்தது. கொலையை நிரூபிப்பது அரசின் வேலை. ஆனால் “நான் விதிவிலக்குக்குள் வருகிறேன்” என்று காட்டும் பொறுப்பு எதிரியின் மேல், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் மேல், பாரதிய சாட்சிய அதினியத்தின் 108ஆம் பிரிவில். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, இப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பத்தக்க அளவுக்குக் காட்டினால் போதும். எதிரி வாய் திறந்து தற்காப்பு என்று சொல்லாவிட்டாலும், அரசுத் தரப்பு ஆவணங்களிலிருந்தே அது தெரிந்தால் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். 1968ஆம் ஆண்டு முன்ஷி ராம் வழக்கு அதற்கு வழி. “ஆவணங்களிலிருந்தே தெரிந்தால்” என்ற சொல்தான் இங்கே முக்கியம். எதைத் தெரியவைத்திருக்கலாமோ அதையெல்லாம் மோட்டார்த் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

அந்த வாசல் என்ன சொல்லியிருக்கும் என்று பாருங்கள். மாப்பிள்ளை கையிலிருந்து சொட்டிய ரத்தம் எங்கே தொடங்குகிறது? அடிபட்டவன் ரத்தத்துக்கு முன்பாகவே, கட்டுத்தரைக்கும் வீட்டுக்கும் நடுவே அது தொடங்கியிருந்தால், முதலில் வெட்டியது அவன் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. ரத்தத் துளி வட்டமாக விழுந்திருந்தால் ஆள் நின்றிருக்கிறார், வால் நீண்டிருந்தால் நகர்ந்துகொண்டிருந்திருக்கிறார். தூணில் இடுப்புக்கு மேல் தெறித்திருந்தால் நின்றவனை அடித்தது, முழங்காலுக்குக் கீழே மட்டும் தெறித்திருந்தால் விழுந்தவனை அடித்தது. செருப்பு கழன்று கிடந்த இடம், நாய்ச் சங்கிலி இழுபட்ட தடம், கொடுவாள் விழுந்த தூரம், எல்லாமே மாப்பிள்ளைக்காகப் பேசியிருக்கக் கூடியவை. எதிராகவும் பேசியிருக்கலாம், மறுக்கவில்லை. இப்போது எந்தப் பக்கமும் பேசாது என்பதால் நட்டம் நிரூபிக்க வேண்டியவருக்குத்தான்.

சாணி போட்டு வழித்ததில் இன்னொரு சங்கடம். விடியற்காலையில் வாசல் தெளிப்பது நம் பக்கம் தினசரி நடப்பது, வழக்கமான வேலைதான் என்று சொல்லிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். சொல்லாதீர்கள். மூன்று மணிக்கு மோட்டார் ஓடியதைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டிருப்பார். கழுவிய தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடித் தென்னை வட்டப்பாத்தியில் தேங்கியிருக்கும். விசாரணை அதிகாரி ரத்தக்கறை படிந்த மண், சாதாரண மண் என்று இரண்டு மாதிரி எடுக்கும்போது அந்தப் பாத்தியையும் விடமாட்டார். தரை வெடிப்பில் இறங்கிய ரத்தம் குழாய்த் தண்ணீருக்கு வராது. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் இடத்துக்கு வர வேண்டும் என்பதை குற்ற வழக்கு நடைமுறைக்கான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு கொண்டுவந்திருக்கிறது. மாநிலங்கள் அதைப் படிப்படியாக நடைமுறைப்படுத்துகின்றன. ஆக, கழுவியது கழுவியதாகவே வெளியே வரும். ஆனால் துளிகளின் வரிசையும் வடிவமும் வராது. எது மாப்பிள்ளைக்குப் பயன்படுமோ அது போய், எது உறுத்துமோ அது மட்டும் தங்கிவிட்டது.

பிணத்தை இழுத்ததும் அப்படித்தான். இறந்தபின் ரத்தம் உடலின் அடிப்பக்கம் இறங்கித் தேங்கும், ஊதா நிறமாகத் தெரியும். மணிக்கணக்கில் ஆன பிறகு புரட்டினால் அந்த நிறம் இடம் மாறியதைக் காட்டிக்கொடுக்கும். சீக்கிரமே இழுத்துவிட்டதால் இங்கே அது காட்டாமல் இருக்கலாம். ஆனால் குதிகால் தடமும், முதுகில் உயிரோட்டம் இல்லாத சிராய்ப்பும் காட்டும். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் “இறப்புக்குப் பின் ஏற்பட்டவை” என்று எழுதியிருப்பார். அதை மறுக்காதீர்கள். இழுத்தோம், பயத்தில் இழுத்தோம், அவ்வளவுதான்.

இனி 238, பழைய 201. ஒரு குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்து, குற்றவாளியைத் தப்பவைக்கும் எண்ணத்தோடு சாட்சியத்தை மறைத்தாலோ பொய்த் தகவல் கொடுத்தாலோ தண்டனை. மூலக் குற்றம் மரண தண்டனைக்கு உரியதானால் ஏழு ஆண்டு வரை. ஆயுள் அல்லது பத்து ஆண்டு வரைக்கு உரியதானால் மூன்று ஆண்டு வரை. அதற்குக் குறைந்ததானால் அந்தக் குற்றத்தின் அதிகபட்சத்தில் நாலில் ஒரு பங்கு. அடித்தவர் தன் சாட்சியத்தைத் தானே மறைத்தாலும் இந்தப் பிரிவு அவர் மேலும் பாயும். ஆகவே மாப்பிள்ளை மேல் கொலைக்கான 103, மறைத்ததற்கான 238 இரண்டும் இருக்கும்.

இந்தப் பிரிவுக்கு உயிர்நாடி “குற்றம் நடந்திருக்க வேண்டும்” என்பது. 1952இல் பல்விந்தர் கவுர் வழக்கில், கணவரின் உடல் பெட்டியில் அடைக்கப்பட்டுக் கிணற்றில் கிடந்தது. அதைவிட மறைப்பு என்ன வேண்டும்? ஆனாலும் மூலக் குற்றம் நடந்தது என்பதே நிரூபணமாகவில்லை, வெறும் சந்தேகம் போதாது என்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. தற்காப்பு என்று தீர்ப்பானால் 34இன்படி அது குற்றமே அல்ல. குற்றம் இல்லாத இடத்தில் மறைத்த குற்றமும் நிற்காது. தங்கச்சியின் கேஸ் மாப்பிள்ளையின் கேசுக்குள் கட்டுப்பட்டுக் கிடக்கிறது என்பதை நன்றாக மனதில் வையுங்கள். இரண்டு பேருக்கும் இரண்டு வக்கீல், இரண்டு கதை என்று போனால் இருவரும் கெடுவார்கள்.

தங்கச்சிக்கு இப்போதைய நிலை நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. 238 ஜாமீனில் விடத்தக்க பிரிவு. அவர் மேல் அது ஒன்று மட்டும் இருந்தால், கைது செய்தாலும் ஜாமீன் அவருக்கு உரிமை. ஆனால் எஃப்ஐஆரையும், பிரிவு மாற்ற அறிக்கை இருந்தால் அதையும் வாங்கி, 3(5) என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய 34, பொது உட்கருத்து. 103உடன் 3(5) சேர்த்திருந்தால் கொலையிலேயே அவரையும் கூட்டுச் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படியானால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482இன்படி முன்ஜாமீனுக்கு மாவட்ட செஷன்ஸ் நீதிமன்றத்தையோ சென்னை உயர் நீதிமன்றத்தையோ நாட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. அடிக்கும்போது அவர் வீட்டுக்குள் இருந்தார், கழுவியது பிறகுதான் என்பது அந்த மனுவின் முதல் பத்தியில் வர வேண்டும். கணவனுக்காக மனைவி செய்தது என்றால் விட்டுவிடுவார்களே என்று கேட்பீர்கள். குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுப்பதைச் சொல்லும் 249இல்தான் கணவன் மனைவிக்கு விலக்கு உண்டு. 238இல் கிடையாது.

இப்போது டிவிஆர். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது இதுதான். மற்றதெல்லாம் நடந்து முடிந்தது, இது இன்னும் உங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது. சட்டப்படி முன்வைக்க வேண்டிய ஆவணத்தையோ மின்னணுப் பதிவையோ, அது சாட்சியமாக வருவதைத் தடுக்க மறைத்தாலோ அழித்தாலோ 241இன்படி மூன்று ஆண்டு வரை தண்டனை. இதற்கு மூலக் குற்றம் நிரூபணமாக வேண்டிய கட்டாயம் இல்லை. மாப்பிள்ளை தற்காப்பில் விடுதலையானாலும் இந்த ஒன்றில் நீங்களும் தங்கச்சி பையனும் மாட்டலாம். தனக்கெதிராகச் சாட்சி சொல்ல வற்புறுத்தக் கூடாது என்ற அரசியல் சட்டப் பாதுகாப்பு எதிரிக்குத்தான். நீங்கள் எதிரி அல்ல, உங்களுக்கு அந்தக் கவசம் இல்லை.

அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே என்று தோன்றும். மின்சாரம் கொடுத்த உடனே பெட்டி தானாகப் பதிவு செய்யத் தொடங்கும். வட்டு நிறைந்திருந்தால் மிகப் பழைய பதிவின் மேல் புதியதை எழுதும். போட்டுப் பார்த்தது, தேதியை மாற்றியது, பெயர் மாற்றியது எல்லாம் அதன் பதிவேட்டில் தங்கும். ஆய்வகம் அதைப் பார்த்தால் “திருத்தியிருக்கிறார்கள்” என்ற ஒரு வரி வரும். அதன்பின் நல்ல காட்சியும் கெட்டது ஆகிவிடும்.

செய்ய வேண்டியது இது. இருக்கிற நிலையிலேயே துணிப்பையில் போட்டு, பையன் எந்தத் தேதி எத்தனை மணிக்குக் கழற்றினான், யார் யார் கை மாறியது என்று ஒரு தாளில் எழுதி, வக்கீலிடம் போங்கள். அவர் விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதத்தோடு ஒப்படைப்பார், அல்லது குற்றவியல் நடுவர் முன் மனுப்போட்டுத் தாக்கல் செய்வார். நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன். கைப்பற்றுதல் மகஜரில் பெட்டியின் தயாரிப்பு, வரிசை எண், உள்ளிருக்கும் ஹார்டு டிஸ்கின் எண், முத்திரை வைத்த விவரம் இருக்க வேண்டும். பெட்டியின் கடிகாரம் நிஜ நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் முன்பின் ஓடுகிறது என்பதை ஆய்வகம் குறிக்க வேண்டும் என்று கடிதத்திலேயே கேளுங்கள். தோட்டத்துக் கேமராக்களில் இந்தப் பிசகு சாதாரணம், குறுக்கு விசாரணையில் பெரிதாகும். மின்னணுப் பதிவுக்குச் சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கட்டாயம், அதில் பதிவின் ஹாஷ் எண்ணும், அதாவது பதிவு மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்ணும் வரும். அந்தக் காட்சியில் கொடுவாளும் தெரியும், வாசல் கழுவியதும் தெரியலாம். கழுவியதை எப்படியும் மறைக்க முடியாது. கொடுவாளைக் காட்ட உங்களிடம் வேறு என்ன இருக்கிறது?

ஒன்று இருக்கிறது, கிணற்றுக்குள். கொடுவாள் இன்னும் எடுக்கப்படவில்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. மாப்பிள்ளை போலீசிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது, சாட்சிய அதினியம் 23. ஆனால் அவர் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளோடு சேர்ந்த அளவுக்கு அந்தப் பேச்சு செல்லும். வழக்கமாக இதைக் கண்டு பயப்படுவார்கள். இங்கே அது உங்களுக்குச் சாதகம். தீயணைப்புத் துறையை வைத்தோ தண்ணீரை இறைத்தோ எடுக்கட்டும், இரண்டு சாட்சிகள் முன்னால், வீடியோவோடு. நீங்களாக ஆள் விட்டு எடுத்துக் கொடுத்தால் அது நீங்கள் வாங்கிப் போட்ட கொடுவாள் ஆகிவிடும். அதனால் கிணற்றுப் பக்கமே போகாதீர்கள், மோட்டாரைக்கூட அந்தக் கிணற்றில் ஓட்டாமல் இருப்பது நல்லது.

தண்ணீரில் கிடந்த இரும்பில் கைரேகையை எதிர்பார்க்க வேண்டாம். அலகின் மேல் இருந்த ரத்தமும் பெரும்பாலும் போயிருக்கும். பிடிக்குள் அலகு இறங்கும் பொருத்தில், பூண் போட்ட இடத்தில், மரப்பிடி வெடிப்பில் எச்சம் தங்குவது உண்டு. அதில் மாப்பிள்ளையின் ரத்தம் அகப்பட்டால் நல்லது. அகப்படாவிட்டாலும், அது அந்தச் சாளையில் புழங்கிய கொடுவாள் அல்ல என்பதைக் காட்டினாலே பாதி வேலை முடியும். வீட்டில் இருக்கும் அருவாள், கொடுவாள் அத்தனையும் எண்ணிக்கை குறையாமல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எந்தப் பட்டறையில் அடித்தது, பிடி எப்படி என்பது தோட்டத்தில் வேலை செய்யும் ஆட்களுக்குத் தெரியும்.

கழுவ முடியாத சாட்சி ஒன்று மாப்பிள்ளையின் கையில் இருக்கிறது. முன்னங்கையின் வெளிப்பக்கத்தில், சுண்டுவிரல் பக்கமாக விழும் வெட்டு, தலைக்கு வந்ததைக் கை தூக்கித் தடுத்தவனுக்கு விழுவது. எந்த ஆஸ்பத்திரியில் முதலில் தையல் போட்டார்கள்? அரசு மருத்துவமனையானால் விபத்துப் பதிவேட்டின் நகலை, ஏஆர் காப்பி என்பார்களே, அதை வாங்குங்கள். “அடையாளம் தெரியாத ஒருவர் கொடுவாளால்” என்று அதில் எழுதியிருந்தால் அது தங்கம். “வேலி கம்பி கிழித்தது” என்று அப்போது பயத்தில் சொல்லியிருந்தால், அதையும் வக்கீலிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், விசாரணைக் கூண்டில் முதல்முறை கேட்பது அவருக்குச் சரிப்படாது. காட்டவே இல்லை என்றால், ரிமாண்டு செய்த நடுவரின் குறிப்பு, கைதானவருக்கான மருத்துவப் பரிசோதனை, சிறைச்சாலை அனுமதிப் பதிவேடு ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றில் காயம் பதிவாகியிருக்கும். எதிரியின் உடம்பில் இருந்த பெரிய காயத்துக்கு அரசுத் தரப்பு விளக்கம் சொல்லாவிட்டால், அவர்கள் சம்பவத்தின் தொடக்கத்தை மறைக்கிறார்கள் என்று கொள்ளலாம் என்பது 1976ஆம் ஆண்டு லட்சுமி சிங் தீர்ப்பு. நகக்கீறல் அளவுக்கு இது உதவாது, எலும்பு தெரிய வெட்டு என்றால் உதவும். தையலின் எண்ணிக்கையும் ஆழமும் எழுத்தில் வர வேண்டும். தழும்பு ஆறுவதற்குள் அளவுகோல் வைத்துப் படம் எடுக்க நடுவரிடம் மனுப் போடலாம்.

துவைத்த சட்டையை “அன்று போட்டிருந்தது, துவைத்துவிட்டோம்” என்று சொல்லியே கொடுங்கள். இடது கைப்பட்டியில் வெட்டுத் துளை இருந்தால், துவைத்தாலும் துளை போகாது. கையில் உள்ள வெட்டோடு அது பொருந்தினால் போதும்.

முதலில் சொன்ன பொய்யைப் பற்றி. “எவனோ செத்துக் கிடக்கிறான்” என்றது போலீசிடம் என்றால் பொய்த் தகவல் என்று 240, 217 என்று பிரிவுகள் உண்டு. 217க்கு அந்த அலுவலரே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், வழக்கமாக அந்த அளவுக்குப் போகமாட்டார்கள். உண்மையான சேதம் வேறு. குற்றத்துக்குப் பின் ஒருவர் நடந்துகொண்ட விதத்தையும் நீதிமன்றம் பார்க்கலாம். மறைத்தான், பொய் சொன்னான், ஆகவே கொலைதான் என்று அரசு வக்கீல் கோடு இழுப்பார். பயந்த நிரபராதியும் இதையெல்லாம் செய்வான் என்பது நீதிபதிகளுக்குத் தெரியாததல்ல. பொய் சில மணி நேரத்தில் முடிந்தது, அவராகவே உண்மையைச் சொன்னார் என்பது உங்களுக்கு ஊன்றுகோல். அதை ஒடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரே வழி, இனி எல்லாத் தாளிலும் ஒரே கதை. ஜாமீன் மனுவில் ஒன்று, மருத்துவரிடம் ஒன்று, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 351இன்கீழ் நீதிபதி கேட்கும்போது ஒன்று என்று வரக் கூடாது. முதல் சாட்சியின் குறுக்கு விசாரணையிலேயே “அவன் வெட்ட வந்ததால்தானே அடித்தார்” என்று தற்காப்பை யோசனைக் கேள்வியாகப் போட்டுவிட வேண்டும். கடைசியில் நினைவு வந்ததுபோலச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

விஏஓவிடம் மாப்பிள்ளை என்ன சொன்னார் என்பதைச் சரியாகக் கேட்டு வையுங்கள். நம் மாநிலக் கொலை வழக்குகளில் விஏஓ அடிக்கடி சாட்சிக் கூண்டில் ஏறுவது சும்மா இல்லை. அவர் போலீஸ் அதிகாரி அல்ல. போலீசிடம் சொன்னதற்கு இருக்கும் தடை அவரிடம் சொன்னதற்கு இல்லை. “நான்தான் அடிச்சுட்டேன்” என்று மட்டும் அவர் எழுதி, “வெட்ட வந்தான்” என்பதை விட்டிருந்தால் குறுக்கு விசாரணை அங்கேதான் தொடங்கும்.

செத்தவன் வீட்டாரோடு பேசி முடித்துவிடலாம் என்று ஊரில் சொல்வார்கள். 103, 105 இரண்டும் சமரசம் செய்துகொள்ளக் கூடியவை அல்ல. பணம் கை மாறியது வெளியே வந்தால் அது மன்னிப்புக் கேட்டதாக அல்ல, குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் படிக்கப்படும்.

பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் 2024இலும், சிவகிரிப் பக்கம் 2025இலும் தோட்டத்து வீட்டுக் கொலைகள் நடந்த பிறகு, தனியாக இருக்கும் சாளைகளில் எல்லாம் கடப்பாரையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம். அப்படி ஒரு ராத்திரி வந்துவிட்டால், அடித்த கையோடு 112க்குப் போன், அடிபட்டவனுக்கு உயிர் இருந்தால் 108க்கும். வெட்ட வந்தவனாகவே இருந்தாலும் ஆம்புலன்சைக் கூப்பிட்டவன் கொல்ல நினைத்தவன் அல்ல என்பது பிறகு பேசும். உயிரைக் காப்பாற்றத் தூக்கினால் தவறில்லை, எங்கிருந்து தூக்கினோம் என்று சொன்னால் போதும். உயிர் இல்லை என்றால் விரல் படக் கூடாது. நாயையும் மாட்டையும் வேறு பக்கமாகக் கொண்டுபோய்க் கட்டுங்கள். கோழி கொத்தும், அதனால் ரத்தம் விழுந்த இடத்தில் கொடாப்பைக் கவிழ்த்து வையுங்கள். மழை தூறினால் அண்டாவைக் கவிழ்த்து, ஓரத்தில் கல் வையுங்கள். அவன் ஆயுதம் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும், நீங்கள் அடித்ததும் அப்படியே. வாசல்படியில் நின்றபடி ஒரு நிமிடம் போனில் வீடியோ, கீழே இறங்காமல். உறவுக்காரர்கள் வந்து மிதிப்பதற்குள் போலீஸ் வர வேண்டும், ஆகவே முதல் போன் மச்சானுக்குப் போகக் கூடாது. போலீசிடம் முதல் பேச்சு சுருக்கமாக இருக்கட்டும்: வெட்ட வந்தான், உயிர் பயத்தில் அடித்தேன், எனக்கும் வெட்டு, கொடுவாள் அங்கே கிடக்கிறது, மீதியை வக்கீலோடு சொல்கிறேன். 2021இல் திருவள்ளூர் மாவட்டத்தில், தன்னைப் பலவந்தப்படுத்த வந்தவனைக் கொன்ற ஒரு பெண் தானே காவல் நிலையத்துக்குப் போனார், போலீசே தற்காப்பு என்று பதிவு செய்தது. எல்லாருக்கும் அப்படி அமையும் என்று சொல்லவில்லை. ஆனால் அப்படி அமைவது, இடம் கலையாமல் இருந்தால்தான்.

உங்கள் மாப்பிள்ளை விஷயத்தில் இன்னொரு தேதியையும் குறித்து வையுங்கள். முதல் ரிமாண்டிலிருந்து 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் அவருக்கு உரிமையாகிவிடும், ஆனால் குற்றப்பத்திரிகை வருவதற்குள் மனுப் போட்டால்தான். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

நோம்பிக்கு வெள்ளை அடிப்பது பற்றிக் கேட்டீர்கள். அடிக்காதீர்கள், சிமெண்டும் போடாதீர்கள். தண்ணீர் விட்டுக் கழுவியவர்கள் தரையைத்தான் கழுவியிருப்பார்கள். தூணின் மேல்பாதி, கயிற்றுக் கட்டிலின் அடிப்பக்கம், ஓட்டுச் சாரத்தின் விளிம்பு, கட்டுத்தரைக் கழி, இவற்றை யாரும் துடைத்திருக்கமாட்டார்கள். அங்கே தெறித்தது ஏதாவது இருந்தால், நின்றவனை அடித்ததா விழுந்தவனை அடித்ததா என்று சொல்ல மிச்சம் இருக்கும் இடம் அதுதான். இவற்றைத் தடய அறிவியல் அலுவலர் பார்த்து மாதிரி எடுக்க வேண்டும் என்று விசாரணை அதிகாரிக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம், நடுவருக்கு ஒரு நகல் என வக்கீல் மூலம் அனுப்புங்கள். பார்த்து முடித்தோம், இனி தடை இல்லை என்று எழுத்தில் வரும் வரை அந்த வாசலில் பூச்சுக்கரண்டி படக் கூடாது. பொங்கலை உங்கள் வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.